ஊர்ச் சங்கத்துக்கு நிதி திரட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிக் கடைமடையில் ஒரு சின்ன ஊர். அங்கே பதிவு பெற்ற சங்கம் ஒன்று நடத்தும் படிப்பகத்துக்குப் பல ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். கூரை மாற்ற 4 லட்சம் திரட்டிய பிறகு, பக்கத்து ஊர் இளைஞர் மன்றம், பழைய மாணவர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம் என்று பலரும் போன் செய்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வது தமிழ்நாட்டுக்குப் பொருந்தும்.

சங்கத்தைப் பதிவு செய்யாமல் வசூலுக்கு இறங்கலாமா?

தெருவில் நாலு பேர் சேர்ந்து பொங்கல் விளையாட்டுப் போட்டி நடத்தப் பதிவு எதற்கு? ஆனால் லட்சக்கணக்கில் திரட்டி, கட்டடம், தளவாடம் என்று போவதாக இருந்தால் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 படி ஏழு பேர் இருந்தால் போதும். பதிவுச் சான்றும் சங்கத்தின் பெயரிலேயே பான் அட்டையும் இருந்தால்தான் வங்கியில் சங்கப் பெயரில் கணக்கு கிடைக்கும். செயலாளரின் சொந்தக் கணக்கில் வசூல் விழுவதைப் போலச் சங்கத்தை உடைக்கிற விஷயம் வேறில்லை. அவர் எவ்வளவு நல்லவர் என்பது இதில் கணக்கே இல்லை.

எவ்வளவு கேட்பது என்று எப்படி முடிவு செய்வது?

"சங்க வளர்ச்சிக்கு" என்று கேட்டால் 100 ரூபாய் எழுதுவார்கள். எதற்கு என்று கண்ணால் பார்க்க முடிந்தால் தொகை மாறும். எங்கள் படிப்பகத்தில் ஓட்டுக் கூரை ஒழுகி, தமிழ் அகராதி வரிசை மொத்தமும் ஊறிப் போயிருந்தது. கொத்தனாரையும் பொறியாளர் ஒருவரையும் வரவழைத்து மதிப்பீடு எழுதி வாங்கினோம். இரும்புச் சட்டம், தகடு, கூலி, மின்கம்பி மாற்றம் எல்லாம் சேர்த்து 3,60,000. விலையேற்றத்துக்கு 40,000 கூட்டி 4 லட்சம் என்று வைத்தோம்.

அதில் ஒரு தகட்டின் விலை மட்டும் 2,400 ரூபாய். இதை ஒரு உறுப்பினர் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். அதற்கப்புறம் வசூல் பேச்சே மாறிவிட்டது. "ரெண்டு தகடு என் கணக்கு" என்று டீக்கடைக்காரர் சொன்னார். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், இறந்துபோன கணவர் பெயரில் ஒன்று, தன் பெயரில் ஒன்று என்று எழுதினார். உங்கள் தேவையிலும் அப்படி ஒரு தகடு இருக்கும். நாற்காலியோ, ஒரு பிள்ளையின் ஓராண்டு நோட்டுப் புத்தகமோ, ஒரு மூட்டை சிமெண்டோ. அதைக் கண்டுபிடித்துவிட்டுத் தெருவில் இறங்குங்கள்.

4 லட்சத்தை 400 பேரிடம் ஆளுக்கு ஆயிரம் என்று பிரித்துவிடலாமா?

எல்லோரும் போடும் முதல் கணக்கு இதுதான். நடக்காது. எல்லோருக்கும் ஒரே தொகை என்றால், 50,000 கொடுக்க மனசுள்ளவரும் ஆயிரத்தோடு கடமை முடிந்தது என்று போய்விடுவார். ஆயிரம் முடியாதவர் கூச்சப்பட்டு ஒதுங்குவார்.

நாங்கள் போட்ட கணக்கு இது: 50,000 தருபவர் ஒருவர், 25,000 தருபவர் நால்வர், 10,000 தருபவர் பத்துப் பேர், 5,000 தருபவர் இருபது பேர், 1,000 தருபவர் ஐம்பது பேர். கூட்டினால் சரியாக 4 லட்சம், 85 பேர். இந்த 85 பேர் கிடைக்க ஏறத்தாழ 250 பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

மேலிருந்து தொடங்க வேண்டும். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டபோது, அமெரிக்காவில் இருந்த தமிழ் மருத்துவர்கள் இருவர் ஆளுக்கு 5 லட்சம் டாலர் முதலில் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் உலகெங்கும் தமிழர்களிடம் கேட்டார்கள். தமிழக அரசும் 10 கோடி ரூபாய் தருவதாக அறிவித்தது. 2018இல் இலக்கு முடிந்தது. நம் ஊர் அளவிலும் இதே கதைதான். ரசீது புத்தகத்தின் முதல் தாளில் யார், எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று திருப்பிப் பார்க்காமல் பேனாவைத் தொடும் கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. செயற்குழு உறுப்பினர்கள் முதலில் தங்கள் தொகையை எழுதியாக வேண்டும். 500 ரூபாய் ஆனாலும் சரி.

அப்படியென்றால் 10 ரூபாய், 20 ரூபாய் தருபவர்கள் வேண்டாமா?

வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. கன்னியாகுமரி விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்துக்காக எக்நாத் ரானடே நாடு முழுக்க ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று லட்சக்கணக்கானவர்களிடம் திரட்டினார். 1970இல் மண்டபம் திறந்தபோது அது அத்தனை பேருடைய மண்டபமாகவும் இருந்தது. எங்கள் கூரைக்கு உண்டியலில் பள்ளிப் பிள்ளைகள் போட்டது மொத்தம் 3,180 ரூபாய். ஒன்றரைத் தகடுகூட இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் அண்ணாந்து பார்த்து "இது நாங்க போட்டது" என்கிறார்கள்.

பிடி அரிசியும் இந்த வகைதான். தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைக்கும் பழக்கத்தைக் காஞ்சிப் பெரியவர் பரப்பினார். ஒரு வீட்டுக்கு அது சுமையே இல்லை. ஆனால் வாராவாரம் போய் வாங்கி வர ஆள் வேண்டும். பிடி அரிசி திட்டங்கள் நின்றுபோவது கொடுப்பவர்களால் அல்ல, வாங்கப் போகிறவர்கள் சலித்துப் போவதால்.

பாட்டுக் கச்சேரி வைத்தால் பணம் வருமா?

நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் "நிதி திரட்டும் மெல்லிசை இரவு" நடத்தினோம். இசைக்குழுவுக்கு 55,000, பந்தல், நாற்காலிக்கு 21,000, மைக்செட், விளக்குக்கு 12,000, போஸ்டர், நோட்டீசுக்கு 9,500, சாப்பாடு, தண்ணீர், பொன்னாடைக்கு 12,500. மொத்தம் 1,10,000. வந்தது 1,32,000. மூன்று மாசம் பன்னிரண்டு பேர் அலைந்து மிஞ்சியது 22,000 ரூபாய். அந்த 22,000 போதும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும்.

அன்று கூட்டம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் ஏமாற்றும் விஷயம். நாற்காலி நிரம்பியதைப் பார்த்து நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்தோம். மறுநாள் பந்தல்காரர் பாக்கி கேட்டு வந்தபோதுதான் நோட்டைத் திறந்தோம்.

நிகழ்ச்சி வைப்பதானால் செலவு முழுவதையும் விளம்பரதாரர்களும் உபயதாரர்களும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட பிறகு வையுங்கள். இசைக்குழுவுக்கு முன்பணம் கொடுக்கும் நாளன்று பாதிச் செலவாவது கையில் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நிகழ்ச்சியைக் கைவிடுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி தேவை. இரவு 10 மணிக்கு மேல் கூடாது. இதை மறந்தால் கடைசிப் பாட்டுக்கு முன்னால் மைக் அணையும்.

செலவு குறைவாக, வரவு நிச்சயமாக ஏதாவது உண்டா?

தீபாவளிப் பலகாரம். எங்கள் மகளிர் குழு இதை ஆரம்பித்தபோது நான் நம்பவில்லை. ஐப்பசி பிறக்கும் முன்பே வீடு வீடாகப் போய் அதிரசம், முறுக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று எழுதி, பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிவிடுவார்கள். அந்தப் பணத்திலேயே அரிசி, வெல்லம், எண்ணெய். ஆர்டர் இல்லாமல் ஒரு முறுக்குகூடப் பிழிவதில்லை. எனவே தேங்குவதும் இல்லை.

முதல் வருஷம் 180 கிலோ. கிலோவுக்கு அடக்கம் 210, விலை 340. மிச்சம் 23,400. மெல்லிசை இரவைவிட 1,400 ரூபாய் அதிகம்! அதிரச மாவு பக்குவம் தெரிந்த ஒரு பெரியம்மா இருந்தார். பாகு பதம் பார்க்க அவர் ஒருவர்தான். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார். உருண்டால்தான் மாவு கொட்ட விடுவார். அவருக்குக் காய்ச்சல் வந்த வருஷம் அதிரசத்தை நிறுத்திவிட்டு முறுக்கு மட்டும் போட்டோம். சரியில்லாத அதிரசத்தை விற்றால் அடுத்த வருஷம் ஆர்டர் கிடைக்காது.

விற்பனைக்கு உணவு செய்வதால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய பேப்பர் வசூலும் மோசமில்லை. யாரும் மறுப்பதில்லை, தொகை சிறியது, வண்டி வேண்டும்.

எந்த மாதம் வசூலுக்குப் போகலாம்?

ஊரின் கையில் எப்போது காசு புழங்குகிறதோ அப்போது. எங்கள் பக்கம் சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் வரும் தை, மாசி. சம்பளக்காரர்கள் அதிகமுள்ள குடியிருப்பு என்றால் மாத முதல் வாரம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடியில் மொய் விருந்து, அதாவது மொய் வாங்குவதற்காகவே வைக்கும் விருந்து, நடக்கும். அந்த மாதம் அங்கே யாரிடமும் போய் நிற்காதீர்கள். ஜூன் மாதம் எங்குமே வேண்டாம், பள்ளிக் கட்டணம். கோயில் திருவிழா வரி வசூல் நடக்கும்போது போனால் இரண்டுமே கெடும்.

கடைவீதியில் என்ன சொல்லிக் கேட்பது?

மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். பத்துப் பேர் போனால் மிரட்டல் மாதிரி இருக்கும். ஒருவர் கடைக்காரருக்கு நன்கு தெரிந்தவராக இருக்க வேண்டும். வியாபார நேரத்தில் போகக் கூடாது. தொகையைச் சொல்லியே கேளுங்கள். "உங்களால் முடிஞ்சது" என்றால் 50 ரூபாய் வரும்.

உரக்கடைக்காரர் ஒருவரிடம் போனபோது நடந்தது:

"அண்ணே, படிப்பகக் கூரைக்கு உங்க பேர்ல 5,000 எழுதலாம்னு வந்தோம்."

"கச்சேரிக்கு வாங்குனீங்களே தம்பி, அதுக்கே கணக்கு சொல்லலையே."

செயலாளர் வாயைத் திறக்கும் முன் நான் பையிலிருந்து கச்சேரி வரவு செலவுத் தாளை எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டு இரண்டு நிமிஷம் படித்தார். "பொன்னாடைக்கு இவ்வளவா?" என்றார். ஆமாம் அண்ணே, தப்புதான் என்றேன். சிரித்துவிட்டு 5,000 எழுதினார். அந்தத் தாள் பையில் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு டீயோடு திரும்பியிருப்போம்.

இல்லை என்பவரிடம் இரண்டாவது முறை கெஞ்சாதீர்கள். அடுத்த மாதம் சரக்கு வாங்க அதே கடைக்குத்தான் போக வேண்டும்.

ரசீது புத்தகம் எப்படி இருக்க வேண்டும்?

வரிசை எண் அச்சிட்டு, அடிக்கட்டையோடு. யாரிடம் எந்தப் புத்தகம், எந்த எண் முதல் எந்த எண் வரை என்று பொருளாளர் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். வசூல் முடிந்ததும் எழுதாத புத்தகமும் திரும்பி வரவேண்டும். எங்களிடம் ஒரு முறை ஒரு புத்தகம் வரவில்லை. கொண்டுபோனவர் பேருந்தில் விட்டுவிட்டதாகச் சொன்னார். உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த எண்களைக் குறிப்பிட்டு, "இவை செல்லாது" என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டோம். அவருக்கு வருத்தம்தான்.

கல்யாண வீட்டு வாசலில் மொய் எழுதுவதைப் பாருங்கள். ஒருவர் எழுத, ஒருவர் பணத்தை எண்ண, பெயரையும் ஊரையும் உரக்கச் சொல்லி, அங்கேயே முடித்துவிடுவார்கள். வசூலுக்குப் போகும்போதும் எழுதுகிற கையும் பணம் வாங்குகிற கையும் வேறு வேறாக இருக்கட்டும். அன்றன்றைக்கு வசூலானதை மறுநாளே வங்கியில் கட்டுங்கள். அதிலிருந்து எடுத்து ஆட்டோவுக்குக் கொடுப்பது, டீக்குக் கொடுப்பது கூடாது; செலவுக்குத் தனி ரொக்கம்.

"பெயர் வெளியிட விரும்பாதவர்" என்றால் பலகையில் போடாமல் விடலாம். ரசீதில் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். வரிவிலக்குப் பதிவு பெற்ற சங்கத்துக்குப் பெயரில்லாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. ஆண்டு நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதுவே வரம்பு.

ஜிபே, போன்பே?

சங்கக் கணக்கோடு இணைந்த கியூஆர் மட்டும். பலகையில் ஒட்டியிருந்தால் தினமும் ஒரு முறை ஸ்கேன் செய்து சங்கத்தின் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ரசீது எழுதாதீர்கள். வங்கிக் கணக்கில் வந்ததா என்று பார்த்தபின் எழுதுங்கள்.

80ஜி இல்லையென்றால் யாரும் தர மாட்டார்களாமே?

80ஜி என்பது நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கச் சங்கம் பெறும் பதிவு. ஊர் வசூலில் அதைக் கேட்டவர்களை இரு கை விரல்களில் எண்ணிவிடலாம். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ வேண்டும். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது என்பது தனி விதி.

பெரிய நன்கொடையாளர்களையோ கம்பெனிகளையோ அணுகுவதாக இருந்தால் 80ஜி பதிவு பெறுங்கள். பெற்றால் ஆண்டுதோறும் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்கு அனுப்பி, ஒவ்வொருவருக்கும் சான்று தரும் வேலையும் சேர்ந்து வரும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று வைத்த 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. பழைய படிவத்தைப் பார்த்து ரசீது அச்சடிக்காமல் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் பணம் அனுப்பலாமா?

அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அவருடைய சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். குடியுரிமை மாறியவர் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. பதிவு கேட்கும் சங்கம் பொதுவாக மூன்று ஆண்டுகள் இயங்கி, அதற்குள் 15 லட்சமாவது தன் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பணம் வந்து இறங்க டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் கணக்கு. எங்களைப் போன்ற படிப்பகத்துக்கு அது எட்டாது.

எங்கள் ஊரிலிருந்து போய் மலேசியக் குடியுரிமை வாங்கிய ஒருவர் 50,000 தர முன்வந்தார். அவரிடம் "வேண்டாம் மாமா" என்று சொன்னது என் பொருளாளர் வாழ்க்கையில் கஷ்டமான போன் பேச்சு. அவர் கோபித்துக்கொண்டார்.

குலுக்கல் சீட்டு அடித்து விற்கலாமா? முதல் பரிசு கிரைண்டர்?

வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. பரிசுத் திட்டங்களைத் தடுக்கும் 1979ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. காசுக்குச் சீட்டு விற்று அதிர்ஷ்டத்தில் பரிசு தருவது நல்ல காரியத்துக்கு என்றாலும் வழக்கில் கொண்டுபோய் விடும். "எல்லா ஊரிலும் செய்கிறார்களே" என்ற பதில் காவல் நிலையத்தில் எடுபடாது.

சங்கத்துக்காக மொய் விருந்து வைக்கலாமா?

ஆசை புரிகிறது. ஒரே நாளில் லட்சக்கணக்கில் வரும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய பணம். எழுதியவர் விருந்து வைக்கும்போது நீங்கள் கூட்டி வைத்து எழுத வேண்டும். சங்கம் யாருக்கு, எந்தப் பணத்திலிருந்து திரும்பச் செய்யும்? வேண்டுமானால் சாப்பாடு போடுங்கள், இலையில் உட்காருமுன் "இது நன்கொடை, மொய் அல்ல" என்று வாசலில் எழுதி வையுங்கள்.

அரசாங்கப் பணத்தைச் சேர்த்துக்கொள்ள வழி உண்டா?

நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பள்ளி வகுப்பறை, பூங்கா, பொது நூலகம் போன்ற பொதுச் சொத்துக்கு மட்டும். சங்கத்தின் சொந்தக் கட்டடத்துக்கு எதிர்பார்க்காதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஊர்ப் பள்ளிக்கு என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டம் வழியாகவும் போகலாம்.

வசூல் செய்கிறவர்களுக்குக் கமிஷன்?

கூடாது.

நோட்டீஸில் யார் பெயரை முதலில் போடுவது?

தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று ஐந்து இடம்தான் இருக்கும், ஊரில் ஐம்பது பேர் இருப்பார்கள். ஒரு முறை, முன்னாள் தலைவரின் பெயர் அச்சில் விடுபட்டது. அவர் தருவதாகச் சொன்ன 10,000 அத்தோடு போயிற்று. இப்போது அகர வரிசை. மெய்ப்பை இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்கிறார்கள்.

கணக்கை எப்போது காட்டுவது?

பதினைந்து நாளுக்குள். ஆண்டுப் பொதுக்குழுவில் வைத்து, பதிவாளருக்கு அனுப்புவது சட்டத்துக்கு. ஊருக்கு அது போதாது. எங்கள் படிப்பக வாசலில் கரும்பலகை ஒன்றில் வசூல் நடந்த நாட்களில் தினமும் இரண்டே வரி: நேற்றுவரை வந்தது, இன்னும் தேவை. பேருந்துக்கு நிற்பவர்கள் அதைப் படிப்பார்கள். 3,71,000 என்று எழுதிய அன்று, முன்பு இல்லை என்று சொல்லியிருந்த மருந்துக்கடைக்காரர் தானே வந்து, "மிச்சத்துல பாதி நான்" என்றார். பலகை கேட்டதுபோல் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

மிச்சம் வந்தால் அதையும் எழுதுங்கள். எங்களுக்கு 11,600 மிஞ்சியது. அதில் என்ன செய்யலாம் என்று பொதுக்குழுவில் கேட்டு, நனைந்த அகராதிகளுக்குப் பதில் புதிது வாங்கினோம்.

எவ்வளவு கொடுத்தால் கல்வெட்டில் பெயர்?

ஐயாயிரத்துக்கு மேல் என்று முதலில் பேசினோம். பிறகு தகட்டுக் கணக்கில் கொடுத்த 2,400 ரூபாய்க்காரர்கள் நினைவுக்கு வந்து, தொகை போடாமல் ஆயிரமும் அதற்கு மேலும் தந்த எல்லோர் பெயரையும் அகர வரிசையில் போடுவது என்று முடிவானது. கல் செதுக்குபவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர். எல்லோரும் இரண்டு இனிஷியலோடு பெயரைக் கொடுத்திருந்தார்கள். இனிஷியலுக்குப் பின்னால் வரும் புள்ளியையும் ஒரு எழுத்தாக எண்ணுவாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களிடம் எண்ணினார்.